பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்றால்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். அங்கிருந்து வடக்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் உள்ளே போனால் கம்போங் பெத்தா வரும். ஜாக்குன் பழங்குடி மக்களின் ஊர் அது. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு ஜொகூர் பக்கத்து வாசல்களில் ஒன்றும் அதுதான். இந்த வட்டாரத்தின் காட்டோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஒரு கொடியைப் பார்க்கலாம். அதன் இலை நுனியில் சின்னச் சின்னக் குடுவைகள் தொங்கும். மலாய்க்காரர்கள் அதை ‘பெரியோக் கெரா’ என்கிறார்கள். குரங்கின் பானை என்று பொருள். தமிழில் நாம் குடுவைச் செடி என்கிறோம்.

அந்தக் கொடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து தழைக்கிறது. அதே செடியை இரவுச் சந்தையில் 15, 20 வெள்ளி கொடுத்து வாங்கி வந்து, வீட்டு வாசலில் தொங்கவிட்டு, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாலும் மூன்றே மாதத்தில் காய்ந்து போகிறது. பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை முகம் வாடி நிற்கிறது. “இந்தச் செடி நம்ம கைக்கு ராசியில்லை” என்று வீட்டில் பெரியவர்கள் முடித்து வைத்துவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காட்டில் அந்தச் செடிக்குக் கிடைக்காத எதையெல்லாம் நாம் வீட்டில் அள்ளிக் கொடுக்கிறோமோ, பெரும்பாலும் அதுதான் அதைக் கொல்கிறது.

வறுமையில் வாழப் பழகிய செடி

குடுவைச் செடிகளுக்குத் தாவரவியலில் நெப்பந்தஸ் என்று பெயர். உலகில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை நம் நாடு, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழகக் காடுகளில் இது கிடையாது. இந்தியா முழுவதிலும் மேகாலயாப் பக்கம் ஒரே ஓர் இனம் இருக்கிறது. இலங்கையிலும் ஒன்றே ஒன்றுதான். ஊரில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் படத்தில் மட்டுமே பார்க்கும் செடி, நமக்குத் தோட்டத்து வாய்க்கால் கரையிலேயே கிடைத்திருக்கிறது.

நம் ஜொகூரின் தாழ்நிலத்துக்குச் சொந்தமான குடுவைச் செடிகளில் இரண்டை 1819ஆம் ஆண்டுக் காலத்திலேயே சிங்கப்பூரில் பார்த்து எழுதி வைத்தவர் வில்லியம் ஜாக் என்ற மருத்துவர். அவற்றில் ஒன்றுக்குத்தான் ராஃபிள்ஸ் பெயர் சூட்டப்பட்டது; இன்றும் அது நெப்பந்தஸ் ராஃபிள்சியானா. மற்றது நெப்பந்தஸ் அம்புலாரியா. தரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் குட்டிப் பானைகள் என்று சொன்னால் காட்டுப் பக்கம் போனவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும்.

இந்தச் செடி வளரும் இடத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கரிச் சதுப்பு, வெறும் மணல், பாறை மேல் படிந்த மெல்லிய மண். அங்கே தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணில் புளிப்பு அதிகம். வேறு செடிகள் தலையெடுக்கத் திணறும் இடம். வேர் வழியாகக் கிடைக்காத சத்தை இலை வழியாகத் தேடிக்கொள்ளப் பழகியதால்தான் இது பூச்சி பிடிக்கும் செடியானது. குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கும். மழையிலோ பனியிலோ அந்த விளிம்பு நனைந்தால் வழுக்குப் பாறைதான். தேன் குடிக்க வந்த எறும்பு உள்ளே விழும். கீழே இருக்கும் செரிமான நீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கிராசிலிஸ் என்ற ஒல்லியான இனம் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. அதன் மூடிக்கு அடியில் எறும்பு ஒதுங்கி நிற்கும்போது, மேலே விழும் மழைத்துளியின் அதிர்ச்சியே எறும்பைக் குடுவைக்குள் தள்ளிவிடுகிறது என்று 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அம்புலாரியாவோ பாதி சைவம்! மூடியைப் பின்னால் மடக்கிவைத்து, மரங்களிலிருந்து உதிரும் சருகுகளைப் பிடிக்கிறது. அதன் இலையில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ 35 விழுக்காடு சருகிலிருந்து வந்தது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, இதன் வேர் விருந்துக்குப் பழகாத வேர். நாம் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் போடும் உரத்தில் ஒரு கரண்டியை இதன் தொட்டியிலும் தூவினால், பட்டினியில் இருந்தவனுக்குப் பிரியாணியைத் திணித்த கதைதான். வேர் கருகும், இலை நுனி பழுப்பாகும், புதுக் குடுவை வராது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். இந்தச் செடிக்கு அளவே மிகச் சின்னது.

மன்னன் செடியும் செத்தது

செடியைப் பறிகொடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். உலகிலேயே பெரிய தோட்டக்கலை வல்லுநர்களும் இதில் தோற்றிருக்கிறார்கள்.

சபாவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜா, குடுவைச் செடிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. 1858இல் ஹியூ லோ அதைச் சேகரித்தார். மறு ஆண்டு ஜோசப் ஹூக்கர் அதற்கு முறையாகப் பெயரிட்டார். சரவாக்கை ஆண்ட ராஜா ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக வைத்த பெயர் அது. 1881இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீட்ச் நர்சரி, தான் வளர்த்த ராஜா செடியைக் கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்கியது. பணக்காரர்கள் அதை வாங்கப் போட்டி போட்டார்கள். கண்ணாடி வீடு இருந்தது, சூடேற்ற நிலக்கரி இருந்தது, சம்பளத்துக்குத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் 1905இல் வீட்ச் நர்சரியின் கடைசி ராஜா செடி செத்துப்போனது. அயர்லாந்தின் கிளாஸ்நெவின் தாவரத் தோட்டத்தில் எஞ்சியிருந்த ஒன்றும் சில காலத்தில் போய்விட்டது.

ராஜா, கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல் வளரும் செடி. பகலில் மிதமான வெயில், இரவில் போர்வை தேடும் குளிர் என்பதே அதன் வாழ்க்கை. அந்த ஏற்ற இறக்கத்தை அன்றைய கண்ணாடி வீட்டுக்குள் உண்டாக்கித் தருவது எளிதாக இருக்கவில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் இதே கதையைத் தலைகீழாக நடத்துகிறோம். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போகிறோம். ஸ்ட்ராபெரியோடு ஒரு குடுவைச் செடியும் காரில் ஏறுகிறது. அது சங்குயினியா, மக்ஃபார்லேனி போன்ற மலை இனமாக இருந்தால், இரவிலும் பெரிதாகக் குளிராத குளுவாங்கிலோ கிள்ளானிலோ அதற்கு மூச்சு முட்டும். ஒரேயடியாகச் சாகாது, ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிடச் சிறியதாக வந்து, மெல்ல ஓய்ந்துபோகும். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் அல்ல, ஊர் மாறியதால்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. “இது மலைச் செடியா, தாழ்நிலச் செடியா?” நம் வீடுகளுக்கு அம்புலாரியா, ராஃபிள்சியானா, கிராசிலிஸ், மிராபிலிஸ் ஆகியவை பொருந்தும். கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா என்ற கலப்பினமும் தாக்குப்பிடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இணையத்தில் படம் பார்த்து வாங்கும் வீனஸ் ஈப்பொறிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது நீடிக்கும். காஹாங்கில் ஏது குளிர்காலம்? உறக்கமே இல்லாமல் ஓடும் செடி ஒன்றிரண்டு ஆண்டில் களைத்துவிடும். போதாதற்கு, வீட்டுக்கு வரும் பிள்ளைகளெல்லாம் விரலை விட்டுப் பொறியை மூடவைப்பார்கள். ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் மூடித் திறக்கும், அதன்பிறகு கருகிவிடும். வேடிக்கைக்குச் செலவாகும் ஒவ்வொரு மூடலும் செடியின் சேமிப்பிலிருந்து எடுத்த காசு.

காவலுக்கு நிற்கும் எறும்பு

“பூச்சி தின்னும் செடிக்கே பூச்சியா?” என்று சிரிக்கலாம். ஆனால் குடுவை பிடிப்பது தவறி உள்ளே விழும் பூச்சியைத்தான். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சியிடம் அதற்கு எந்த ஆயுதமும் இல்லை.

முதல் எதிரி மாவுப்பூச்சி. இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரியும். அது வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும். வந்த எறும்புகள் மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கும். அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டும். குடுவைக்கு உணவாக வேண்டிய எறும்பே, செடியைத் தின்பவனுக்குக் காவலாக நிற்கிறது. ஆகவே செடியில் எறும்பு ஊர்கிறது, நல்ல சாப்பாடுதான் என்று மகிழ்வதற்கு முன் இலை இடுக்கைப் பாருங்கள். எறும்பு குடுவையின் வாய்க்குப் போகிறதா, தண்டின் மூட்டுக்குப் போகிறதா என்பதில் இருக்கிறது விஷயம்.

செதிள் பூச்சி பழுப்பு நிறப் புள்ளிபோல் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். இலைப்பேனும் செஞ்சிலந்திப் பேனும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. புது இலை சுருண்டு கோணலாக வந்தாலோ, இலைமேல் வெள்ளிக் கோடுகள் தெரிந்தாலோ அவற்றைச் சந்தேகிக்கலாம். காற்று வறண்ட இடத்தில், அதாவது குளிர்சாதனம் ஓடும் அறையில், செஞ்சிலந்திப் பேன் வேகமாகப் பெருகும். மழைக்காலத்தில் நத்தையும் ஓடில்லா நத்தையும் இரவில் வந்து தளிரை மேய்ந்துவிடும். டார்ச் விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே நல்ல வைத்தியம்.

மாவுப்பூச்சியோ செதிள் பூச்சியோ கண்டால் முதலில் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பூச்சிமேல் தொட்டு எடுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் செய்துபார்த்து, இரண்டு நாள் கழித்து மற்ற இலைகளுக்குச் செல்லலாம். ஒரு தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பும். வாரம் ஒருமுறை என நான்கு வாரமாவது தொடர வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கரைத்துத் தெளிப்பது பலர் வீட்டில் நடக்கிறது; அது மண்ணில் இறங்கினால் வேருக்கு ஆகாது. எண்ணெய் கலந்த மருந்தை உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். இலையில் ஒன்றும் தெரியாமல் செடி மட்டும் வாடினால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி உண்டு. அப்படியானால் பழைய மண் முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக நடுவதே வழி.

நல்ல எண்ணத்தில் நடக்கும் கொலைகள்

பூச்சியைவிட அதிகச் செடிகளைக் கொல்வது நம் கவனிப்புதான்.

கறித்துண்டு, கோழித்துண்டு, மீன் துண்டு எதையும் குடுவைக்குள் போடாதீர்கள். செரிக்க முடியாத அளவு போனால் குடுவை அழுகி நாறும். வெளியில் தொங்கும் செடி தனக்கு வேண்டிய எறும்பைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் ஒன்றும் விழாவிட்டாலும் பட்டினியில் சாகாது. பச்சை இலை வெயிலில் உணவு சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பூச்சி அதற்குச் சோறு அல்ல, சத்து மாத்திரை.

குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் நாளடைவில் மண்ணில் சேரும். மழைநீர்தான் சிறந்தது. கிழக்கு ஜொகூரில் ஆண்டிறுதியின் வடகிழக்குப் பருவமழையில் வாளி வாளியாகப் பிடிக்கலாம். இறுக மூடி போட்டு வைத்தால் பிப்ரவரி வறட்சிக்கு உதவும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நீரின் கரைபொருளை அளக்கும் சிறு கருவியை வாங்கிப் பார்க்கலாம். 50 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

மண் விஷயத்தில், கடையில் வாங்கும் கறுப்புத் தோட்ட மண் வேண்டாம். அது சத்து நிறைந்தது, நீரையும் பிடித்து வைக்கும். நன்றாக அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்த் துண்டு, பெர்லைட், ஸ்பாக்னம் பாசி என்று காற்றோட்டமான கலவை போதும். குடுவைச் செடியின் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு தேவையே இல்லை. வேர் ஈரமாக இருக்க வேண்டும், ஊறிக் கிடக்கக் கூடாது. தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் என்பது நாம் அறிந்ததுதான். பூச்சி பிடிக்கச் செடி வாங்கி, டிங்கிக்கு இடம் கொடுத்து, சுகாதார அதிகாரியிடம் அபராதச் சீட்டும் வாங்க வேண்டுமா? பனித்துளிச் செடியோ வீனஸ் ஈப்பொறியோ வளர்ப்பவர்களுக்குத் தட்டு தேவைப்படும். அவர்கள் வாரத்தில் இரண்டு முறை நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெளிச்சம் குறைந்தால் இலை மட்டும் பச்சைப் பசேல் என்று வரும், குடுவை வராது. வரவேற்பறை மேசையில் அழகுக்கு வைத்த செடியின் கதி இதுதான். காலை வெயில் படும் இடம், பிற்பகலுக்குச் சற்று நிழல், நல்ல காற்றோட்டம் இருந்தால் போதும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வாரம்தான் பல செடிகளுக்கு இறுதி வாரம். தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, நன்றாக நனைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் “மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மட்டும், வேறு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த “வேறு எதுவும் வேண்டாம்” முக்கியம்.

இன்னொன்று, செடி செத்துவிட்டதாக அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். புது இடத்துக்கு வந்ததும் பழைய குடுவைகள் காய்வது வழக்கம். ஒவ்வொரு குடுவைக்கும் ஆயுள் கொஞ்சம்தான். தண்டு பச்சையாக இருந்தால், மேலே எல்லாம் கருகியிருந்தாலும் அடியிலிருந்து முளை வர வாய்ப்புண்டு. இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். உயிருள்ள பல செடிகள் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகின்றன.

வாய்க்கால் கரையில் இருப்பது யாருடையது?

வீட்டுச் செடி செத்தால் ஒரு தொட்டி காலியாகிறது. அதை நிரப்ப நாம் எங்கே போகிறோம் என்பதில்தான் பெரிய நட்டம் இருக்கிறது.

காஹாங் போன்ற ஊர்ப் பக்கம் போகும்போது, “காட்டில் சும்மாதானே கிடக்கிறது” என்று வண்டியை ஓரம் கட்டி ஒரு கொடியைப் பிடுங்கி வரும் பழக்கம் நம்மிடையே உண்டு. குடுவைச் செடியின் வேர் மெல்லியது, கறுப்பு நூல்போல எளிதில் அறுந்துபோவது. பிடுங்கிய கொடிகளில் பல சில வாரங்களில் காய்ந்துவிடும். காய்ந்ததும் அடுத்த முறை இன்னொன்று. அதைப் பார்த்து விற்பனைக்குப் பிடுங்குகிறவர்கள் வேறு. காடு செம்பனையாக மாறியபிறகு இந்தச் செடிகளுக்கு மிஞ்சியிருப்பது பல இடங்களில் அந்த ஓரத் துண்டு நிலம்தான்.

தேசியப் பூங்காவுக்குள் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. குடுவைச் செடிகள் எல்லாமே சைட்ஸ் என்ற அனைத்துலக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. கினபாலுவின் ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மருமகளுக்கு ஆசையாக ஒரு தொட்டி கொண்டுபோவதுகூட அனுமதிச் சீட்டு கேட்கும் விஷயம்.

ஆகவே வாங்கும்போது இரண்டாவது கேள்வி: “இது நர்சரியில் வளர்த்ததா, காட்டிலிருந்து எடுத்ததா?” பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். காட்டுச் செடியில் பூச்சி கடித்த பழைய இலைகளும், வெட்டுப்பட்ட முதிர்ந்த தண்டும், தொட்டியில் நிலைக்காத வேரும் இருக்கும். நர்சரிச் செடி தொட்டி அளவுக்கு ஏற்பச் சீராக வளர்ந்திருக்கும். சில வெள்ளி கூடுதலாக இருக்கலாம். ஆனால் பிழைக்கப்போவது அதுதான்.

பிள்ளைக்குக் குடுவைச் செடி காட்ட வேண்டும் என்றால், ஒரு வார இறுதியில் முன்பதிவு செய்துகொண்டு கம்போங் பெத்தாவுக்குக் கூட்டிப் போங்கள். வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கும்போது குடுவையின் விளிம்பில் தேன் தேடி வரும் எறும்பை நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.